பத்தே முக்கால் கோடி, இரண்டே ஆட்டம்

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐபிஎல் பெரிய ஏலம் நடந்தது. இரண்டு நாளில் பத்து அணிகளும் சேர்ந்து 182 ஆட்டக்காரர்களை வாங்கின. மொத்தச் செலவு 639 கோடியே 15 லட்சம் ரூபாய். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடதுகை வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனும் அந்தப் பட்டியலில் இருந்தார். டெல்லி கேபிடல்ஸ் அவரை 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. 2025 சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால், அவர் ஆடியது இரண்டே ஆட்டம். விக்கெட் ஒன்றுகூட இல்லை.

இதே நடராஜனை 2017 ஏலத்தில் கிங்ஸ் லெவன் பஞ்சாப் வாங்கியது. அடிப்படை விலை 10 லட்சம். ஏலம் முடிந்தபோது 3 கோடி. முந்தைய ஆண்டு தொடங்கிய தமிழ்நாட்டு லீக்கான டிஎன்பிஎல் போட்டியில் திண்டுக்கல் அணிக்காக அவர் வரிசையாக இறக்கிய யார்க்கர்கள்தான் அந்த விலைக்குக் காரணம். ஆனால் பஞ்சாபுக்கு அவர் ஆடியது ஆறு ஆட்டம், எடுத்தது இரண்டு விக்கெட். அடுத்த ஆண்டே பஞ்சாப் கைகழுவ, சன்ரைசர்ஸ் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. 2018, 2019 இரண்டு சீசனும் அவர் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2020-ல் இறங்கினார்: 16 ஆட்டம், 16 விக்கெட். அபுதாபியில் நடந்த எலிமினேட்டரில் ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. அந்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

ஆக, 3 கோடிக்கு வாங்கியபோது தேறவில்லை. 40 லட்சத்துக்கு வாங்கியபோது இந்தியாவுக்கே ஆடினார். 10.75 கோடிக்கு வாங்கியபோது பெஞ்சில் உட்கார்ந்தார். கையும் பந்தும் அதேதான். மாறியதெல்லாம் விலையும் அணியும் நேரமும். விலை ஏறிய ஆட்டக்காரர் ஏன் சறுக்குகிறார் என்று கேட்கும் நாம், விலை எப்படி ஏறுகிறது என்று கேட்பதில்லை. பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதற்கு ஒரு மிளகுத் தோட்டத்தைப் பார்ப்போம். சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. தேக்குக் காடும் காபித் தோட்டமுமான ஊர். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மிளகைப் பறித்துக் காயவைத்து எடைபோட்டு விற்கும் தோட்டக்காரர்கள் உண்டு. ஆள் கூலிக்கும் அலைச்சலுக்கும் பயந்து, கொடியில் சரம் தொங்கும்போதே மொத்தமாகக் குத்தகைக்கு விடுபவர்களும் உண்டு. நாலு வியாபாரி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் அதே கொடிகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு எட்டு மூட்டை தெரிகிறது, இன்னொருவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது, கடைசி ஆளுக்குப் பதிமூன்று. தோட்டம் யாருக்குப் போகும்? பதிமூன்று என்று நினைத்தவருக்குத்தான். உண்மையில் காய்த்திருப்பது பத்து மூட்டை என்றால் மற்ற மூவரும் பிழைத்தார்கள். தோட்டத்தை எடுத்தவர் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டியதுதான். அவர் முட்டாள் இல்லை. நாலு மதிப்பீட்டில் மிக அதிகமான மதிப்பீடு அவருடையதாகப் போய்விட்டது, அவ்வளவுதான். ஏலத்தின் விதியே அதிகம் நினைத்தவர் கையில் பொருளைக் கொடுப்பது.

பொருளாதாரத்தில் இதை ‘வென்றவர் சாபம்’ என்பார்கள். 1971-ல் மூன்று அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்கள் இதை முதலில் எழுதிவைத்தார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்க ஏலம் கேட்ட நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று அவர்கள் ஆராய்ந்தபோது கிடைத்த விடை, மிளகுக் குத்தகைக்காரர் அனுபவத்தில் அறிந்த அதே விடை.

ஐபிஎல் ஏலத்தில் இது கண்முன்னே நடக்கும். 2018 ஜனவரி, பெங்களூரு. ஜெயதேவ் உனத்கட்டின் பெயர் வருகிறது, அடிப்படை விலை ஒன்றரைக் கோடி. முந்தைய சீசனில் புனே அணிக்கு 12 ஆட்டத்தில் 24 விக்கெட் எடுத்தவர், அதில் ஒரு ஹாட்ரிக்கும் உண்டு. இந்தியர், இடதுகை, வேகப்பந்து. இந்த மூன்றும் சேர்ந்த ஆள் நாட்டில் அரிது. சென்னையும் பஞ்சாபும் மாறி மாறி அட்டையைத் தூக்க, விலை பதினொரு கோடியைத் தொடுகிறது. அதுவரை வாய் திறக்காத ராஜஸ்தான் ராயல்ஸ் கடைசியில் நுழைந்து பதினொன்றரைக் கோடிக்குத் தட்டிக்கொண்டு போகிறது. அந்த ஏலத்தில் இந்தியர்களில் அதிக விலை அவருக்குத்தான். சீசனில் அவர் எடுத்தது 11 விக்கெட். ஏறக்குறைய விக்கெட்டுக்கு ஒரு கோடி.

உனத்கட்டின் பந்துவீச்சு ஒரே வருடத்தில் பாழாய்ப் போய்விடவில்லை. 12 ஆட்டம் என்பது ஓர் ஆளை எடைபோடப் போதாது. டி20-ல் ஒரு பந்துவீச்சாளர் ஓர் ஆட்டத்தில் வீசுவது 24 பந்து. ஒரு சீசன் முழுக்க ஆடினாலும் முந்நூறு சொச்சம் பந்துதான். அதில் மட்டையின் விளிம்பில் பட்டுக் கீப்பரிடம் போனது எத்தனை, அதே விளிம்பில் பட்டு நாலுக்கு ஓடியது எத்தனை என்பதிலேயே ஒரு சீசன் நல்லதாகவோ மோசமாகவோ தெரிந்துவிடும். யோகம் அடித்த வருடத்துக்கு அடுத்த வருடம் சாதாரணமாக இருப்பதே இயல்பு. ஆனால் ஏலம் எப்போதும் யோகம் அடித்த வருடத்துக்கு அடுத்து வருகிறது. உச்சத்தில் பார்த்து, உச்சத்துக்கு விலை கொடுத்து, சராசரியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அவர்களுடைய கால்பந்துக்கு ஏலம் கிடையாது, ‘டிராஃப்ட்’ உண்டு. கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. இந்த முறை தொடங்கிய 1936-ல், முதல் ஆண்டின் முதல் தேர்வு ஜே பெர்வாங்கர் என்பவர். சம்பளப் பேச்சு படியாமல் போக, அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. வரலாற்றின் முதல் தேர்வே வீண்!

1998-ல் முதல் இரண்டு இடங்களுக்கு இரண்டு பெயர்கள் அடிபட்டன: பெய்டன் மேனிங், ரயன் லீஃப். இருவரும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். யார் முதல், யார் இரண்டாவது என்று நிபுணர்களே அடித்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தைப் பிடிக்கவே சான் டியாகோ அணி தன்னிடமிருந்த வேறு தேர்வு உரிமைகளையும் ஆட்களையும் விட்டுக்கொடுத்தது. மேனிங் அந்த ஆட்டத்தின் ஜாம்பவான் ஆனார். லீஃப் மொத்தம் ஆடியது 25 ஆட்டம். கோட்டைத் தாண்டிப் புள்ளி ஈட்டித் தந்த எறிதல்கள் 14, எதிரணி பறித்துக்கொண்ட எறிதல்கள் 36. இரண்டு ஆண்டு கழித்து 2000-ல், ஆறாவது சுற்றில், 199-வது ஆளாக ஒருவரைப் போனால் போகிறதென்று எடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். அவர் பெயர் டாம் பிரேடி. ஏழு சூப்பர் போல் கோப்பை வென்றார்.

கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த டிராஃப்டைப் பல ஆண்டுக் கணக்கோடு அலசினார்கள். தேலர் பின்னாளில், 2017-ல், பொருளாதார நோபல் பெற்றவர். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு? அவர்கள் கண்ட விடை 52 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒரு பிடி மேல். ஆனால் அந்த ஓர் இடம் முன்னால் போவதற்காக அணிகள் கொடுக்கும் விலை எக்கச்சக்கம். ஆள் எடுப்பவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. முதல் சுற்றில் போனவர்கள் கடைசிச் சுற்றில் போனவர்களைவிடப் பொதுவாக நன்றாகவே ஆடுகிறார்கள். தன் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் தெரிவதாக நினைத்துக்கொள்வதுதான் கோளாறு.

அந்த டிராஃப்டில் இன்னொரு வேடிக்கை. கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை என்பதால், நாட்டின் ஆகச் சிறந்த இளைஞன் நாட்டின் ஆக மோசமான அணிக்குப் போகிறான். 2002-ல் ஹூஸ்டனில் புதிதாக ஓர் அணி தொடங்கியது. முதல் தேர்வாக டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவரைச் சுற்றிநின்று காக்க வேண்டிய வரிசை ஓட்டைப் பானை. அந்த ஒரு சீசனில் மட்டும் எதிரணியினர் அவரை 76 முறை தரையில் சாய்த்தார்கள். அது சாதனை எண்ணிக்கை. பிற்பாடு அவர் சோபிக்கவில்லை என்று எழுதினார்கள். 76 முறை விழுந்து எழுந்தவரிடம் வேறு எதை எதிர்பார்த்தார்களோ!

சேர்ந்த இடம்தான் ஆளை ஆக்குகிறது அல்லது அழிக்கிறது என்பதற்கு நம்மூரிலேயே நல்ல சாட்சி வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுச் சுழற்பந்துக்கு வந்தவர். 2018 டிஎன்பிஎல்லில் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வென்றபோது அவருடைய பந்தை யாராலும் படிக்க முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஜெய்ப்பூர் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம் 8 கோடியே 40 லட்சமாக ஏறியது. வாங்கியது பஞ்சாப். 2019 மார்ச் 27, ஈடன் கார்டன். ஐபிஎல்லில் அவர் வீசிய முதல் ஓவரிலேயே சுனில் நரைன் வெளுத்து வாங்க, 25 ரன் போனது. அதற்குப் பிறகு விரலில் காயம். அந்த சீசனில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம். ஒற்றை ஆட்டத்துக்கு எட்டரைக் கோடி என்று ஊரே சிரித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு, அவரை எடுத்தது. 2020-ல் 17 விக்கெட். கொல்கத்தா கோப்பை வென்ற 2024-ல் 21. 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட். அன்று அவரை அடித்து நொறுக்கிய அதே நரைனோடு அதே அணியில், அதே மைதானத்தில் வருடக்கணக்கில் வீசுகிறார். பஞ்சாப் கண்டெடுத்தது சரியான ஆளைத்தான். காத்திருக்க அவர்களால் முடியவில்லை.

நடராஜன் விஷயத்திலும் காத்திருப்புதான் முக்கியம் என்று தோன்றுகிறது. இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடி, சென்னைக்குப் போய் நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கியவர் அவர். 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான கையோடு பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழ, வீச்சை மாற்றிப் பழகி மறுபடி வந்தார். அப்படி வந்தவர் மீது 2017-ல் 3 கோடியை ஏற்றினார்கள். முழங்கைக் காயமும் தொந்தரவு கொடுத்தது. ஐதராபாத்தில் நிலைமை வேறு. விலை குறைவு, அதனால் யாரும் அவரைத் தினமும் எடைபோடவில்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளராக முத்தையா முரளிதரன் இருந்தார், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். இரண்டு வருடம் வலையில் வீசி வீசிப் பழகியது 2020-ல் பலன் கொடுத்தது.

பெஞ்சில் உட்கார வைப்பதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பாரி ஸ்டா, ஹா ஹோவாங் என்ற இருவர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் 1995-ல் செய்த ஆய்வு ஒன்று சொல்வது: முன்னால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆட்டம் சுமாராக இருந்தாலும், பின்னால் வந்தவரைவிட அதிக நேரம் களத்தில் வைக்கப்படுகிறார். போட்ட முதல் கண்ணை மறைக்கிறது. கொடுத்த பணத்துக்கு ஆடவைத்தே தீருவது என்ற பிடிவாதம். அதன்படி பார்த்தால் 10.75 கோடி நடராஜன் ஆடியே இருக்க வேண்டும். ஆனால் ஐபிஎல்லில் ஒரு கணக்குப் பிசகுகிறது. ஓர் அணி 25 பேர் வரை வாங்கலாம். ஓர் ஆட்டத்தில் இறங்குவது 11 பேர், நடுவில் மாற்றி இறக்கும் இம்பாக்ட் ஆளையும் சேர்த்தால் 12. 2025-ல் டெல்லியிடம் மிட்செல் ஸ்டார்க் இருந்தார், முகேஷ் குமார் இருந்தார், மோகித் சர்மா இருந்தார். வேகப்பந்துக்கு இருக்கும் இடம் இரண்டு, மூன்று. நடராஜன் நாலாவது ஆளாகிப்போனார். அப்படியும் விலை ஏன் பத்துக் கோடி தாண்டியது என்றால், அந்த ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் பை 120 கோடி. செலவழிக்காமல் மிச்சம் வைத்தால் களத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை. பை பெரிதானால் விலை ஏறும். ஆட்டக்காரர் அதே ஆள்தான்.

டெல்லியின் ஆலோசகராக அந்த சீசனில் இருந்தவர் கெவின் பீட்டர்சன். 2009 ஏலத்தில் ஆண்ட்ரூ ஃபிளிண்டாஃபைப் போலவே 15 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போய், அதுவரை இல்லாத உச்ச விலையைத் தொட்டவர். பெங்களூருக்குத் தலைமை தாங்கி ஆறு ஆட்டம் ஆடிவிட்டு இங்கிலாந்துக்காக ஆடப் போய்விட்டார். அவருக்குப் பிறகு அனில் கும்ப்ளே பொறுப்பேற்க, அதே அணி இறுதி ஆட்டம் வரை போனது. சென்னை வாங்கிய ஃபிளிண்டாஃப் மூன்று ஆட்டத்தோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதிக விலையின் கஷ்டம் பீட்டர்சனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காயத்தை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. கபடியில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு, அதுவும் தமிழ்நாட்டு அணியில். 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. புரோ கபடியில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. அக்டோபர் 8-ம் தேதி குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்கப் போயிற்று. தலைவாஸ் தொலைந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நரேந்தர் என்று ஒரு புதுப் பையன் ரெய்டுக்குப் போனான். சீசன் முடியும்போது அவன் கணக்கில் 243 ரெய்டு புள்ளி. தலைவாஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. அடுத்த ஏலத்தில் பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்துத் தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. பவன் சளைக்காமல் புள்ளி எடுத்தார். அணி 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடம். ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் பணத்தில் பெரும்பங்கை ஒருவர் மீது கொட்டினால் மீதி ஆறு பேரை யார் தலையில் கட்டுவது?

நம் நாட்டுக் கால்பந்திலும் இது நடந்தது. ஐஎஸ்எல் போட்டி 2017-ல் மும்பையில் நடத்திய உள்நாட்டு டிராஃப்டில் உச்ச விலை 1 கோடியே 10 லட்சம். அனஸ் எடத்தொடிகா, யூஜின்சன் லிங்டோ இருவருக்கும். யூஜின்சன் கொல்கத்தாவுக்குப் போய், சீசன் தொடக்கத்திலேயே முழங்கால் காயத்தால் வெளியேறினார்.

சரி, சறுக்கியவர் என்று எப்போது முத்திரை குத்துவது? 2023 டிசம்பரில் கொல்கத்தா மிட்செல் ஸ்டார்க்குக்கு 24 கோடியே 75 லட்சம் கொடுத்தது. முதல் இரண்டு ஆட்டத்தில் அவர் கொடுத்தது 100 ரன், விக்கெட் பூஜ்யம். ஒரு பந்துக்கு இத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டுக் கேலி செய்தார்கள். 2024 மே 26, சேப்பாக்கம், இறுதி ஆட்டம். முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பை அவர் பெயர்க்க, ஐதராபாத் அங்கேயே சரிந்தது. ஆட்ட நாயகன் ஸ்டார்க். கொல்கத்தா ரசிகரிடம் போய் 24.75 கோடி வீண் என்று சொல்லிப் பாருங்கள்.

கிளென் மேக்ஸ்வெல்லோ நேர்மாறு. 2020-ல் பஞ்சாப் 10.75 கோடி கொடுத்தது. சீசன் முழுக்க 108 ரன், ஒரு சிக்ஸர்கூட இல்லை. அடுத்த ஆண்டு பெங்களூரு 14.25 கோடி கொடுத்தபோது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 513 ரன் அடித்தார். பஞ்சாபில் பின்வரிசையில் நின்றவரைப் பெங்களூரு நான்காவது ஆளாக அனுப்பியது. இந்தப் பட்டியலில் பஞ்சாபின் பெயர் அடிக்கடி வருவதை வாசகர் கவனித்திருப்பார். தற்செயல் என்று சொல்வது கடினம். வருடா வருடம் ஆளையும் கேப்டனையும் பயிற்சியாளரையும் கலைத்துப் போட்டுக்கொண்டே இருந்த அணி அது. நடராஜனையும் வருணையும் முதலில் பார்த்த கண் அவர்களுடையதுதான். அறுவடை செய்தவர்கள் மற்றவர்கள்.

எதிர்ப்பக்கம் ஒன்று பார்க்கலாம். சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் டைட்டன்ஸ் 20 லட்சத்துக்கு எடுத்தது. அதுதான் அன்றைய அடிப்படை விலை. போட்டிக்கு ஆள் இல்லை. 2023 பிப்ரவரியில் டிஎன்பிஎல் முதல் முறையாக, அதுவரை இருந்த டிராஃப்டை விட்டுவிட்டு, ஏலம் நடத்தியது. கோவை கிங்ஸ் அவரை 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வாங்கியது. ஐபிஎல் விலையைவிட மாநில லீக் விலை அதிகம்! அவரைக் கிளப் ஆட்டத்திலிருந்தே பார்த்துவந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மும்பையிலும் பெங்களூரிலும் மேசை போட்டு உட்கார்ந்தவர்களைவிட விஷயம் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு ஐபிஎல் இறுதியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. 2025-ல் 759 ரன், அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. அந்த 2025 சீசனுக்கு விலை உச்சம் ரிஷப் பந்துக்கு, 27 கோடி. 14 ஆட்டத்தில் 269 ரன், அதில் 118 கடைசி ஆட்டத்தில் வந்தது.

அருகிலிருந்து நெடுநாள் பார்த்தவருக்குத் தெரிவது தூரத்திலிருந்து நாலு வீடியோ பார்த்தவருக்குத் தெரியாது என்பதை அணிகளும் புரிந்துகொண்டு வருகின்றன. கேரளத்தின் பெரிந்தல்மண்ணையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகன் விக்னேஷ் புத்தூர், அதுவரை மாநிலத்தின் சீனியர் அணிக்கு ஆடியதே இல்லை. மும்பை ஆட்கள் அவரைக் கேரள லீக்கில் பார்த்து, 30 லட்சத்துக்கு எடுத்தார்கள். எடுத்ததும் களத்தில் இறக்காமல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பித் தங்கள் கிளை அணியின் வலையில் பந்துவீச வைத்தார்கள். 2025 மார்ச் 23, சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக அறிமுகம். ருதுராஜ், துபே, ஹூடா என்று மூன்று விக்கெட். பிறகு கால் காயத்தால் சீசன் பாதியிலேயே முடிந்தது. முப்பது லட்சம் என்பதால் யாரும் கேலி செய்யவில்லை.

சேலம் மாவட்டத்தில் ஆள் தேட வருபவர்கள் இப்போது வாழப்பாடிக்கு வருகிறார்கள். அங்கே சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2022 முதல் டிஎன்பிஎல் ஆட்டங்களும் நடந்தன. கொட்டச்சேட்டிலிருந்து பார்த்தால் குப்பனூர் பாதையில் இறங்கினால் அந்தப் பக்கம்தான். ஆனால் மலையில் கிரிக்கெட் என்பது வேறு. சமதளம் என்று இருப்பதே தோட்டத்தின் காபிக் களம்தான்; கொட்டை காயாத மாதங்களில் அதுவே பிட்ச். டென்னிஸ் பந்து, ஓடி வருவதற்குப் பத்தடி, நேராகத் தூக்கி அடித்தால் பந்து சரிவில் இறங்கிக் காபிச் செடிக்குள் போய்விடும், அடித்தவன் அவுட். இந்த விதியில் வளரும் பையனுக்குத் தூக்கி அடிக்க வராது. பந்தைத் தரையோடு தட்டவும், அடிக்க முடியாதபடி காலடியில் போடவும் நன்றாக வரும். தேர்வாளர் எவரும் இதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனதில்லை.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் சொந்தச் செலவில் அமைத்த மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். ஏலத்தில் விழுந்த பணத்தில் ஒரு பகுதி அப்படி மண்ணுக்குப் போனது. கொட்டச்சேட்டுப் பையன் அங்கே போய்ப் பழக வேண்டுமானால் மலை இறங்கி, சேலத்தில் பஸ் மாறி மாவட்டத்தின் மேற்குக் கோடிக்குப் போக வேண்டும். போகவர ஒரு நாள் சரியாகிவிடும். சனி, ஞாயிறில் மட்டும்தான் முடியும். அதுவும் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் வீட்டில் விடமாட்டார்கள்.